அக்காவின் அலை

பெரியவளுக்குக் கோபம் தலைக்கேறியது வியாழக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் நின்று, ஆவி பறக்கும் இஸ்திரி உருளைக்குள் படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பேசியது விசில். கயாக் படகு கிளப்பின் பயிற்சியாளர் அவர். தூங்கும்போதுகூட கழுத்தில் விசிலோடுதான் தூங்குவார் என்று கிளப்பில் ஒரு பேச்சு.

"ஞாயித்துக்கிழமை எப்பவும் போலதாம்மா. கடைசிக் கரையோட்டம் வரைக்கும் சின்னவளைக் கொண்டுவந்து விட்டுடு. அப்புறம் அவ பாத்துப்பா."

"சார், இந்த வருஷம் என் முறைன்னு சொன்னீங்க."

"சொன்னேன், இல்லேங்கல. ஆனா நீயே யோசிச்சுப் பாரு. உனக்கு முப்பத்தஞ்சு ஆகுது. உன் தங்கச்சிக்கு இருபத்தஞ்சு. அவ போனா இன்னும் பத்து வருஷம் போவா. உனக்குக் கடைசி வேகம் கிடையாதும்மா. அதெல்லாம் பொறப்புலயே வரணும். அடுத்த வருஷம் கண்டிப்பா உன் முறை."

போன வருஷமும் இதே வாக்கியம். அதற்கு முந்தின வருஷமும் இதே. வார்த்தை மாறாமல் சொல்ல மனுஷனுக்கு வெட்கமாவது இருக்க வேண்டாமா? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அவள் தோளை எடுத்து அவள் தங்கைக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார் அந்த ஆள். பெரியவள் போனை வைத்தாள். அடுத்த விரிப்பு கோணலாகப் போய் உருளையில் சிக்கியது. மேற்பார்வையாளர் கத்தினார்.

விஷயம் இதுதான். அவர்கள் ஓட்டுவது ஒற்றை ஆள் கயாக். பந்தயம் இருபத்தாறு கிலோமீட்டர். ஆற்றில் ஏழு சுற்று, நடுவில் ஆறு கரையோட்டம். ஒவ்வொரு கரையோட்டத்திலும் படகிலிருந்து குதித்து, படகைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, மறுபடி தண்ணீரில் வைத்து ஏற வேண்டும். முன்னால் போகும் படகு தண்ணீரைக் கிழிக்கும்போது பக்கத்தில் ஒரு சின்ன அலை எழும்பும். பின்னால் வருகிறவள் தன் படகின் மூக்கை அந்த அலைமேல் வைத்துவிட்டால் போதும், அலையே அவளை இழுத்துக்கொண்டு போகும். மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். கிளப்பில் அதற்கு அலையில் உட்காருவது என்று பெயர். நியாயம் தெரிந்தவர்கள் ஐந்து நிமிஷம் நீ, ஐந்து நிமிஷம் நான் என்று மாற்றி மாற்றி இழுப்பார்கள். அக்கா தங்கைக்குள் அந்த நியாயம் கிடையாது. நாலு வருஷமாகப் பெரியவள் இழுப்பாள், சின்னவள் உட்காருவாள். கடைசிக் கரையோட்டம் முடிந்ததும் சின்னவள் சிட்டாகப் பறப்பாள், பெரியவள் இரண்டாவதாக வருவாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது தேர்வுப் பந்தயம், அதில் முதலில் வருகிறவளுக்கு மட்டும்தான் வெளிநாட்டுப் போட்டிக்கு இடம். அப்படி நாலு தடவை சின்னவள் விமானம் ஏறிப் போய்விட்டு வந்தாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பந்தயம் முடிந்ததும் சின்னவள் ஓடிவந்து ஈரத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் இல்லக்கா!" என்பாள் பாருங்கள், அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. சுற்றி நிற்கிறவர்கள் 'ஆகா, என்ன பாசம்' என்று கைதட்டுவார்கள். பெரியவளும் பல்லைக் காட்டுவாள். வேறென்ன செய்வது?

வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தாள். விசில் அங்கேயும் ஊதியிருக்கிறார்.

"மூத்தவதானடி விட்டுக்கொடுக்கணும். சின்னப் பொண்ணு, ஆசைப்படுறா."

"எனக்கு ஆசையே இல்லேன்னு யார்ம்மா உனக்குச் சொன்னது?"

"உனக்குத்தான் வேலை இருக்கு, புருஷன் இருக்கான், எல்லாம் இருக்கே."

பெரியவள் போனைப் படுக்கையில் விட்டெறிந்தாள். அவள் புருஷன், பஸ் டிப்போ மெக்கானிக், கரையோட்டத்தில் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுகிறவன், அதை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"குட்டக் குட்டக் குனியிறவளும் முட்டாள்னு ஒரு பழமொழி இருக்கு, தெரியுமா?" என்றான்.

"தெரியும். இப்ப அதை ஞாபகப்படுத்துன உங்களையும் சேர்த்துக் குட்டணும் போல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. பதினெட்டுப் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிளம்பின. முதல் சுற்று முடிவதற்குள் மூன்று பேர் மட்டும் தனியாகப் பிரிந்து வந்துவிட்டார்கள். பெரியவள், அவள் அலையில் வழக்கம்போல் சின்னவள், இன்னொரு பக்க அலையில் வேறு கிளப்பைச் சேர்ந்த ஒரு தபால்காரி. காலையெல்லாம் சைக்கிள் மிதித்துக் கடிதம் போடுகிறவள், தொடை ஒவ்வொன்றும் தூண்.

இரண்டாம் சுற்று. முதுகில் காற்று. பிறகு திருப்பத்துக்கு அப்புறம் முகத்தில் காற்று. கரையிலிருந்து விசில், "நல்லா இழுக்கிற, அப்படியே போ!" என்று கூவினார். இழுக்கிற மாடு என்று நினைத்துவிட்டாரா? பெரியவளுக்கு உள்ளே என்னவோ அறுந்தது. மூன்றாம் சுற்றின் நடுவில், நட்டாற்றில், துடுப்பை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சின்னவளின் படகு பக்கத்தில் வந்து நின்றது. "என்னக்கா? சுக்கான்ல பாசி சிக்கிடுச்சா?"

"ஒண்ணும் சிக்கல. நீ முன்னாடி போ."

"விளையாடாதக்கா. எனக்கு முன்னாடி போய்ப் பழக்கமில்ல."

"எனக்கும் பின்னாடி போய்ப் பழக்கமில்ல. இன்னிக்கு ரெண்டு பேரும் பழகுவோம்."

"சார் என்ன சொன்னாரு?"

"அவரு வந்து இழுக்கட்டும்!"

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். தபால்காரி இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், துடுப்பை ஆழமாகப் போட்டுப் போயே போய்விட்டாள். அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு மிதந்தார்கள். ஒருத்தி இரண்டு துடுப்புப் போட்டால் மற்றவளும் இரண்டே துடுப்பு. யார் வேகம் எடுத்தாலும் மற்றவள் அலையில் உட்கார்ந்துவிடுவாளே! கரையில் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினான்.

"அங்க ஒருத்தி இருநூறு மீட்டர் போயிட்டா! நீங்க ரெண்டு பேரும் குழாயடில நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டு இருக்கீங்க!"

விசில் ஊதிய ஊதலில் மரத்திலிருந்த பறவைகளெல்லாம் பறந்தன. பெரியவள் அசையவில்லை. தோற்றால் தோற்கட்டும். தன் தோளால் இன்னொருத்தி ஜெயிப்பதற்கு, இரண்டு பேரும் தோற்பது எவ்வளவோ மேல். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

முதலில் பயந்தது சின்னவள். தபால்காரியின் சிவப்புத் தொப்பி தூரத்துத் திருப்பத்தில் மறைந்ததும் அவள் முகம் வெளுத்தது. "சண்டாளி!" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டாள். பெரியவள் தன் படகின் மூக்கை மெல்லத் திருப்பித் தங்கையின் அலைமேல் வைத்தாள்.

அடடா!

நாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பெரியவள் அலையில் உட்கார்ந்தாள். படகு தானாகப் போனது. மாடிப்படி இறங்குவது போல இருந்தது. மூச்சு நிதானமாக வந்தது. பாட்டில் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச நேரம் இருந்தது. கரையில் பூத்திருந்த மஞ்சள் பூவைக்கூடப் பார்த்தாள், அந்த ஆற்றில் அப்படி ஒரு பூ இருப்பதே இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். சந்தோஷப்பட வேண்டியதுதானே? இல்லை. கோபம் இரட்டிப்பாயிற்று. இவ்வளவு சுகத்திலா இருந்தாள் இவள்? நான் உள்ளங்கை கிழிந்து, ராத்திரி தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு, மறுநாள் ஈர விரிப்பைத் தூக்க முடியாமல் தவித்தபோதெல்லாம் இவள் இப்படிப் பூப் பார்த்துக்கொண்டா வந்தாள்?

நாலாம் சுற்று போனது, ஐந்தாம் சுற்று போனது. கரையோட்டங்களில் இரண்டு பேரும் ஒன்றாகவே இறங்கி ஒன்றாகவே ஏறினார்கள். ஏறியதும் பெரியவள் இரண்டு நொடி தாமதிப்பாள், சின்னவள் வேறு வழியில்லாமல் முன்னால் போவாள். ஒன்றைச் சொல்ல வேண்டும், சின்னவள் நன்றாகவே இழுத்தாள். பழக்கமில்லை என்றவள் எதிர்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு இழுத்தாள். சிவப்புத் தொப்பி மறுபடி தெரிந்தது. நூறு மீட்டர், எழுபது, நாற்பது.

ஆறாம் சுற்றில் சின்னவள் திரும்பிப் பார்த்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. "அக்கா, கொஞ்ச நேரம் நீ வாக்கா. கை விட்டுப்போச்சு."

பெரியவள் குழாயை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். காதில் விழாதது போல. இரண்டாம் வருஷம் ஒரு பந்தயத்தில் அவள் மணிக்கட்டு வீங்கிப்போய், இதே வார்த்தையைத்தான் தங்கையிடம் கேட்டாள். சின்னவள் அன்றைக்கு இப்படித்தான் தண்ணீர் குடித்தாள். பெரியவளுக்கு அது நினைவிருந்தது. சின்னவளுக்கும் இப்போது நினைவு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் மறுபடி அவள் கேட்கவில்லை.

கடைசிக் கரையோட்டத்துக்குத் தபால்காரியோடு சேர்ந்தே வந்தார்கள். சின்னவள் படகிலிருந்து எழுந்தவள் முழங்கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் படகைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். விசில் பாதையோரம் பக்கத்திலேயே ஓடிவந்தார்.

"நில்லும்மா! சின்னவ வரட்டும்! உன்னால அந்தத் தபால்காரியைக் கடைசில பிடிக்க முடியாது, உனக்கு வேகம் இல்ல!"

பெரியவள் நிற்கவில்லை. மெக்கானிக் நீட்டிய பாட்டிலைக்கூட வாங்கவில்லை. தண்ணீரில் படகை வைத்தாள், ஏறினாள், போட்டாள் துடுப்பை.

வந்தது வேகம். எங்கிருந்து என்கிறீர்களா? எங்கிருந்தும் இல்லை, மிச்சம் வைத்ததிலிருந்து வந்தது. தபால்காரி மூன்று சுற்றுக்கு மேல் தனியாகக் காற்றைத் தின்றவள். பெரியவள் உட்கார்ந்து வந்தவள். கடைசி வேகம் பிறப்பிலே வருகிற வரமாம்! ஒரு மணி நேரம் அடுத்தவள் அலையில் உட்கார்ந்தால் எவளுக்கும் வரும் அந்த வரம். இதை நாலு வருஷம் நம்பினேனே, இந்த ஆள் சொன்னதை வேதவாக்காக நம்பினேனே என்று ஒவ்வொரு துடுப்புக்கும் ஒரு வசவாக விட்டுக்கொண்டே போனாள். அரைப் படகு வித்தியாசத்தில் கோட்டைத் தாண்டினாள். இடம் அவளுக்கு.

சின்னவள் மூன்றாவதாக வந்தாள். கரையேறித் துடுப்பைப் புல்லில் வீசினாள்.

"ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் உனக்கு? என் முதுகுல ஏறிப் போய் ஜெயிச்சிருக்க!"

பெரியவள் நேரே போனாள், ஈரத்தோடு தங்கையைக் கட்டிப்பிடித்தாள். வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து இந்த வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

"நீ இல்லேன்னா நான் இல்லடி."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சின்னவள் அக்காவைப் பிடித்துத் தள்ளினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் சொல்றப்பல்லாம் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"இதைவிட மோசமா. உனக்கு ஒரு நாள். எனக்கு நாலு வருஷம்."

அதற்குள் விசில் வந்துவிட்டார். பெரியவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சின்னவளின் தோளில் தட்டிக்கொடுத்தார். "விடும்மா. பரவாயில்ல. அடுத்த வருஷம் கண்டிப்பா உன் முறை."

சின்னவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையை நீட்டி, அவர் கழுத்திலிருந்த விசிலைக் கயிறோடு கழற்றி, ஆற்றில் எறிந்தாள். ஒரு சத்தமும் இல்லாமல் அது முழுகியது. "சார்" என்றாள், "இனி எங்களுக்கு முறை சொல்ல வேண்டாம்." அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே போனார்.

மெக்கானிக் பாட்டிலை நீட்டினான். முதலில் சின்னவள் குடித்தாள், பிறகு பெரியவள். கோபம் இரண்டு பேருக்கும் தீரவில்லை, அது முகத்திலேயே எழுதியிருந்தது.

"நாளைக்கு அஞ்சரைக்குத்தானே?" என்றாள் சின்னவள், எங்கோ பார்த்துக்கொண்டு.

"ஆமா."

"யார் முன்னாடி?"

"நாலு வருஷம் நீ போ. அப்புறம் மாத்திக்கலாம்."

"போடி!" என்றாள் சின்னவள். அக்காவை அவள் 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் குனிந்து படகின் முன்பக்கத்தைத் தூக்கினாள். அது பெரியவளின் படகு.