முழுத்திரையில் மாட்டிய ஒன்பது முகங்கள்

அந்த ஸ்டூடியோவில் தம்பி படம் எடுப்பான், அக்கா அதைத் திருத்துவாள். தெருவில் அவளுக்கு ஷார்ட்கட் அக்கா என்று பெயர். வலது கையில் டேப்லட் பேனா, இடது கை கீபோர்டில். எந்த விசையை அழுத்தினால் எந்தக் கருவி வரும் என்பது விரலுக்கே தெரியும், மூளையைத் தொந்தரவு செய்யவே மாட்டாள். அந்த விரல் ஓடுவதை வேடிக்கை பார்க்கத்தான் பாதிப் பேர் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறார்கள் என்று தம்பி கேலி செய்வான். அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அக்கா ஒரு நாளும் அதை மறுத்துப் பேசியதில்லை.

அப்பேர்ப்பட்டவளைத்தான் படம் திருத்துகிற மென்பொருளின் புதுப் பதிப்பு வந்து படுத்தி எடுத்தது. யாரையும் கேட்காமல் தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டது சனியன். எந்தப் படத்தைத் திறந்தாலும் அது திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. படத்தைச் சுற்றிலும் கன்னங்கரேல் என்று கறுப்பு. கருவிப் பட்டை இல்லை, மெனு இல்லை, மூலையில் மணி காட்டுகிற கடிகாரம்கூட இல்லை. எஸ்கேப்பை அழுத்தினால் போகும். அடுத்த படத்தைத் திறந்ததும் திரும்ப வந்து நிற்கும். எது கிடைக்கிறதோ அதை அழுத்திப் பார்த்தாள். ஒரு விசையில் படம் தலைகீழானது. இன்னொன்றில் ஒரு வாடிக்கையாளரின் மூக்குத் துவாரம் மட்டும் திரை முழுக்க வந்து நின்றது, அந்த மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது.

யாரையாவது கேட்கலாமே என்று தம்பி மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். இந்தத் தொழிலில் தன்னை நாலு பேர் கேட்பார்கள், தான் போய் யாரையும் கேட்பதில்லை என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். பட்டையும் வேண்டாம், மெனுவும் வேண்டாம், முழுத்திரையா, முழுத்திரையிலேயே செய்து காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். செய்தும் காட்டினாள். உள்ளதைச் சொன்னால் போகப்போக அவளுக்கு அது பிடித்தும் போயிற்று. கறுப்புக்கு நடுவே ஒற்றை முகம் தகதகவென்று தெரிந்தபோது, நம் கைவேலைக்கு என்ன குறைச்சல் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த வாரம் அவள் திருத்தியது சாதாரணப் படங்களல்ல. தம்பி ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கப் போனவன், வழி தவறிப் பின்கட்டில் இருந்த சலவைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டான். அங்கே ஆவி பறக்க, வெள்ளைப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று வேலை பார்க்கிற பெண்களைப் பார்த்ததும் அவனுக்குக் கால் நகரவில்லை. அனுமதி வாங்கி, சம்பளமில்லாமல் போய்ப் போய் ஒன்பது பேரைப் படம் எடுத்தான். நிர்வாகி அவற்றைப் பார்த்துவிட்டு, முன்கூடத்துச் சுவரில் மாட்டுவோம் என்று சொல்லிவிட்டார். அதுவரை பெரிய டாக்டர்களின் படம் மட்டுமே ஏறிய சுவர் அது. பாஸ்போர்ட் போட்டோக்காரன் என்று ஊரே உதட்டைச் சுழித்த பையனுக்கு இப்படி ஒரு சுவர் கிடைத்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தையல்கடையில் சொன்னாள், மருந்துக்கடையில் சொன்னாள், தண்ணீர் கேன் போட வந்தவரை நிறுத்திவைத்துச் சொன்னாள்.

தம்பி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான். யார் முகத்தையும் துளிகூட வெளுப்பாக்கக் கூடாது. அந்தப் பெண்கள் நல்ல கறுப்பு. ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததுமே, கொஞ்சம் கலர் ஏத்திடுங்க என்பார்கள். அக்காவும் ஏற்றி ஏற்றிக் கை சலித்தவள். அதனாலேயே அவளுக்கு இந்த வேலை இனித்தது. எனக்கே சொல்கிறாயா என்று அவனை முறைத்துவிட்டு, கன்னத்து வியர்வை மினுக்கம் வரை அப்படியே விட்டு, ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து இழைத்தாள்.

அந்தப் படங்களின் திறப்பு விழாவுக்கு முதல் நாள் மதியம், பிரிண்ட் கடைக்காரர் ஆளுயரப் பிரிண்டுகளைச் சுருட்டி எடுத்துவந்தார். முதல் சுருளை மேசையில் விரித்தார்கள். மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

விரிப்புகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருந்தது. கண்ணும் இல்லை, கன்னமும் இல்லை. இரண்டாவதும் அப்படி. ஒன்பதும் அப்படியே. அக்கா கடைக்காரரைப் பிடித்துக்கொண்டாள். அவர் பாவம், அதே இயந்திரத்தில் அன்று காலையில் போட்ட கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். அது பளிச்சென்று இருந்தது. வேண்டுமானால் மொத்தமாக வெளிச்சத்தை ஏற்றிப் போட்டுத் தருகிறேன் என்றார். மொத்தமாக ஏற்றினால் முகமெல்லாம் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும், அதற்குப் போடாமலே இருக்கலாம் என்று அக்கா எரிந்து விழுந்தாள். கடை ஏழு மணி வரை திறந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

தம்பி பிரிண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கத்தவில்லை.

"தப்பு என்னுதுதான் அக்கா," என்றான். "அந்த ரூம்ல ஜன்னல் வெளிச்சமே போதும்னு நெனச்சேன். பத்தல. கறுப்பா இருக்கறவங்களை எடுக்கத் தெரிஞ்சவன் எடுத்திருக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன். ஒன்பது பேரும் ஷிஃப்ட் மாத்திக்கிட்டு நாளைக்குப் பார்க்க வர்றாங்க. முகமே இல்லாம அவங்களைத் தொங்கவிட்டு அசிங்கப்படுத்தறதைவிட, நான் அசிங்கப்பட்டுக்கறேன்."

அக்காவுக்கு நம்பமுடியவில்லை. ஓடிப்போய்க் கணினியில் முதல் படத்தைத் திறந்தாள். வழக்கம்போல் முழுத்திரை. அதில் அந்த முகம் விளக்கேற்றினாற்போல் இருந்தது. இதில் என்ன இருட்டு என்று அவள் வாயைத் திறக்கப் போகிற நேரம், ஏதோ ஓர் அறிவிப்புப் பெட்டி குறுக்கே வந்து குதித்து முழுத்திரையைத் தட்டிவிட்டது. கறுப்பு ஓடிப்போய், சாம்பல் நிறச் சுற்றும் வெளிறிய பட்டைகளும் வந்து நின்றன. நடுவே அதே படம், மேசையில் கிடந்த பிரிண்டைப் போலவே, இருண்டுபோய்க் கிடந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சுற்றிலும் கறுப்பாக இருந்தால் மங்கலான முகமும் பிரகாசமாகத்தான் தெரியும்; கண் ஏமாந்துவிடும். சாம்பல் நிறத்துக்கு நடுவே வைத்துத்தான் எதையும் எடைபோட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தகதகவென்று தெரிந்த முகங்களைப் பார்த்து, வெளுப்பாக்கிவிடக் கூடாதே என்று பயந்து, ஒவ்வொன்றையும் இன்னும் இன்னும் அடக்கிவைத்தது அவள் கைதான். வீம்புக்குக் கறுப்பிலேயே உட்கார்ந்து ஒன்பது பேரையும் இருட்டில் தள்ளியிருக்கிறாள்.

தம்பி போனில் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காமல் படங்களைச் சரிசெய்து, பிரிண்ட் இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவன்? தனக்கு அந்த முகங்களை எடுக்கத் தெரியவில்லை என்று காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பானே. அடுத்த முறை அந்தக் கூடத்தைப் பார்த்தால் கேமராவை எடுக்கவே கை வராதே. அதை அவளால் தாங்கமுடியவில்லை.

"போனைக் கீழ வை," என்றாள். "உன் படத்துல ஒரு குறையும் இல்ல. நான்தான் கறுப்புத் திரையில வெச்சுப் பார்த்து எல்லாத்தையும் இருட்டாக்கிட்டேன்."

சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் அதை நம்பவில்லை. கேமராவிலிருந்து வந்த அசல் படத்தை எடுத்து அவள் திருத்தியதன் பக்கத்தில் வைத்தாள். அசலில் கண் இருந்தது, கன்னம் இருந்தது, ஜன்னல் வெளிச்சம் நெற்றியில் அழகாக இறங்கியிருந்தது. அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, அந்தப் பாழாய்ப்போன முழுத்திரையை ஒரேயடியாக நிறுத்தித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டான்.

"நிறுத்த வழி தெரியலடா," என்றாள். சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது.

அவன் சிரிக்கவில்லை. அடுத்த படத்தைத் திறந்து முழுத்திரையை வரவைத்தான். அவள் கையிலிருந்த பேனாவை வாங்கித் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோய் வைத்து, ஒன்றும் செய்யாமல் இருந்தான். கொஞ்ச நேரத்தில் மெனு தானாகக் கீழே இறங்கியது. படங்களை முழுத்திரையில் திற என்று ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் ஒரு டிக். அதை எடுத்துவிட்டான். இவ்வளவுதான், அங்கே வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்றான். உலகத்தில் அவளுக்கு வராத ஒரே வேலை சும்மா இருப்பது. விரல் ஒடிய அத்தனை விசையையும் அழுத்தியவள், பேனாவை அவனிடமிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்த வேகம் இருக்கிறதே, தம்பிகூட அதுவரை பார்த்ததில்லை. ஒரே இழுப்பில் மொத்தமாக வெளிச்சம் ஏற்றுகிற பேச்சே இல்லை. அசலை வைத்துக்கொண்டு முகம் முகமாக, நெற்றி வேறு, கழுத்து வேறு, கைவிரல் வேறு என்று திரும்பத் தொடங்கினாள். முதல் படம் முடிந்ததும் தம்பி அதை எடுத்துக்கொண்டு ஓடி, ஒரு துண்டு மட்டும் பிரிண்ட் போட்டு வந்தான். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். கறுப்பு முகம் கறுப்பாகவே இருந்தது. அதற்குள் ஒரு மனுஷி இருந்தாள். அக்கா அப்போதுதான் தண்ணீர் குடித்தாள். கடைசிப் படம் பிரிண்டுக்குப் போனபோது கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

மறுநாள் காலையில் ஒன்பது பேரும் சீருடையோடு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே முன்கூடத்துக்கு வந்தார்கள். தத்தம் படத்தைத் தேடிப் போய் நின்றார்கள். சக்கர நாற்காலியில் போன ஒருவர் வண்டியை நிறுத்தச் சொல்லிப் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார். நிர்வாகி ஏதோ பேசினார்; அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களில் மூத்தவள், சலவைக்கூடத்தின் மேற்பார்வைக்காரி, தன் படத்துக்கு நேரே நின்றபடி மகளை வீடியோ அழைப்பில் கூப்பிட்டாள்.

"பாருடி," என்றாள். "என் கல்யாண போட்டோவுலகூட வேற யாரையோதான் நிக்க வெச்சிருந்தாங்க. நான் இதுதான். நீயும் இதே நெறந்தான். இனிமே போட்டோன்னா பவுடரை அப்பிக்கிட்டு வந்து நிக்காதே."

தம்பி சட்டென்று திரும்பிக்கொண்டான். அக்காவுக்கு அழுகை வந்தது, பெருமையும் வந்தது. இரண்டையும் மறைக்க அவள் பாடுபடவில்லை. என் தம்பி எடுத்தது என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னாள். அவர் கேட்கவே இல்லை, இவளாகத்தான் சொன்னாள். அந்தப் பக்கம் தம்பி, முகத்தில் வேலை பார்த்தது எங்க அக்கா என்று மேற்பார்வைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. அந்த அம்மாள் வந்து இவள் கையைப் பிடித்தாள். சோப்பில் ஊறி ஊறிச் சொரசொரத்த கை. பிடி உடும்புப் பிடி.

எல்லோரையும் சுவரோரம் நிறுத்தித் தம்பி ஒரு படம் எடுக்கப் போனான். அக்காவையும் அவர்களோடு நிற்கச் சொன்னான். பதினெட்டு வருஷமாகப் படத்துக்கு நிற்காமல் நழுவியவள் அவள். தானும் அந்தப் பெண்களின் நிறம்தான். எப்போதாவது மாட்டிக்கொண்டால், ஊருக்குச் செய்கிற வேலையைத் தன் முகத்துக்கும் செய்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். இப்போது போய் மேற்பார்வைக்காரியின் தோளை ஒட்டி நின்றாள்.

"அக்கா, டச்சப் வேணுமா?" என்று தம்பி கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"என் மூஞ்சியில கை வெச்சே, தொலைச்சிடுவேன்," என்றாள் அக்கா, நேரே லென்ஸைப் பார்த்து.