இரண்டு பேர் வேலை

பெட்டியை மூடுமுன் லாசரஸின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க நின்றவர்கள்: அக்கா அந்தோனியம்மாள், மகன் ஜெரார்ட், மருமகள் லொரைன், தேக்கா சந்தையிலிருந்து மாலை வாங்கி வந்த நண்பர் தங்கராஜு. சற்றுத் தள்ளி, யாரும் கூப்பிடாமலே வந்த ஹஸீனா.

பொங்கோல் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்தோனியம்மாள் முதுகு வளையாமல் நின்றாள். துவாஸில் ஒரு வாடகைப் பட்டறையில் தானே கட்டிக்கொண்டிருந்த சின்ன விமானத்தின் வாலுக்குள் தம்பி இறந்துபோனான். மாரடைப்பு. தனியாக இருந்தான் என்று எல்லாரிடமும் சொல்லச் சொன்னவள் அவள்தான். மனைவியை இழந்தவன் இன்னொரு பெண்ணோடு பட்டறையில் இருந்தான் என்றால், கோயிலில் தலை நிமிர்ந்து உட்கார முடியுமா?

ஊர் அந்தப் பேச்சுக்குக் கண் காது மூக்கு வைத்தது. மனைவி போன துக்கத்தில் உள்ளே புகுந்து தானே உயிரை மாய்த்துக்கொண்டானாம். ஜெபமாலை சொல்ல வந்தவர்களே கிசுகிசுத்தார்கள்.

ஹஸீனா விமானம் பழுதுபார்க்கும் கம்பெனியில் லாசரஸோடு பல வருஷம் வேலை பார்த்தவள். அந்தோனியம்மாள் அவளை ஓரமாக அழைத்து விசாரித்தாள். கை எட்டாத இடத்தில் ரிவெட் ஆணி அடிக்க ஒருவர் உள்ளே ஊர்ந்துபோய் ஆணியின் அடியில் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். மற்றவர் வெளியிலிருந்து காற்றழுத்த ரிவெட் கன்னால் அடிக்க, ஆணி நசுங்கி இறுகுமாம்.

"ஒரு பக்கத்துலேருந்தே இழுக்கிற ரிவெட் இருக்குன்னான் ஜெரார்ட். அதைப் போட்டிருக்கலாமே?"

"அந்த எடத்துக்குப் பிளான்ல அது இல்லக்கா. அவரு மாத்த மாட்டாரு. நான் உள்ளே போறேன்னேன். நீ மாட்டிக்கிட்டா பிளேனை அறுக்கணும்லான்னு சிரிச்சிட்டு அவரே போனாரு. ஒவ்வொண்ணும் சரியா உக்காந்தா உள்ளேருந்து ஒரு தட்டு தட்டுவாரு." ஹஸீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னைக்குத் தட்டல. வெளையாடாதீங்கன்னு திட்டினேன்க்கா."

அந்தோனியம்மாள் அவளைக் கையைப் பிடித்துப் பெட்டியருகே கூட்டிவந்து, தனக்கும் லொரைனுக்கும் நடுவில் நிறுத்தினாள். பின்வரிசை நாற்காலிகளில் பேச்சு நின்றது.

தங்கராஜு குனிந்து அந்தோனியம்மாளின் காதருகே சொன்னார். "தனியாப் போய் இப்படிப் பண்ணிக்கிட்டான்னு ஃபாதர் காதுல விழாமப் பாத்துக்குங்கக்கா."

"அவன் ஒண்ணும் பண்ணிக்கல, தங்கராஜு. தனியாவும் இல்ல," என்றாள் அந்தோனியம்மாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "உள்ளே கட்டியைப் புடிச்சது அவன். வெளியே நின்னு அடிச்சது ஹஸீனா."