நடுக்கம் தெரிய வேண்டும்

பேக்கரியின் பின்கட்டில், சுழலும் தட்டின் மேல் ஒரு பிறந்தநாள் கேக் மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பூ வைக்க வேண்டிய கிரீம் அக்கா, கைகளை மடியில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சோம்பல் இல்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, அது வேலைக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். சில ஊழியர்கள் தாமதமாகத்தான் வருவார்கள், என்ன செய்வது?

கடையில் எல்லோருக்கும் அவள் கிரீம் அக்கா. முதலாளிக்கு மட்டும் தங்கச்சி, கூடப் பிறந்தவள். பார்க்கின்சன் நோய் அவளைப் பிடித்துச் சில வருஷங்கள் ஆகின்றன. மாத்திரை இல்லாத நேரத்தில் வலது கை தன்பாட்டுக்கு நடுங்கும். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். முகம், ஷட்டர் இறக்கிய கடை மாதிரி ஆகிவிடும். உள்ளே ஆள் இருப்பதே வெளியே தெரியாது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தால் கை மறுபடி அவளுடையதாகிவிடும். அந்தக் கை வைக்கும் ரோஜா இதழைப் பார்த்து, தின்ன மனசு வராமல் கேக்கை அப்படியே வைத்திருந்து கெடுத்தவர்கள் உண்டு.

ஆனால் மாத்திரை சும்மா வேலை செய்யாது. ஆரம்பத்தில் குமட்டிக் குமட்டி எடுத்தது. ராத்திரிக் கனவுகள் சினிமா மாதிரி வந்து போயின. பால், முட்டை சேர்ந்த எதையாவது சாப்பிட்டுவிட்டு விழுங்கினால் மாத்திரை வேலைக்கு வராமல் முறுக்கிக்கொள்ளும். அதனால் கிரீமுக்கும் முட்டைக்கும் நடுவில் வெறும் வயிற்றோடு நிற்க வேண்டியிருந்தது. இதெல்லாம் போக, மருந்து உச்சத்துக்கு ஏறும்போது உடம்பு தானாக வளைந்து நெளியும். காதில் விழாத ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுவதுபோலத் தலை ஆடும்.

அவள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கை நிதானத்தில் இருக்கும்போது பூ வைப்பது, பெயர் எழுதுவது. உடம்பு ஆடத் தொடங்கினால் கிரீம் பையைக் கீழே வைத்துவிட்டுச் சல்லடையை எடுத்துக்கொள்வாள். "ஆட்டத்த வீணாக்கக் கூடாது பாரு" என்பாள். மாவு தானாகச் சலிந்து விழும்.

அண்ணனுக்கு இந்த ஆட்டம்தான் பிடிக்கவில்லை. அவர் முதலாளி மட்டுமல்ல. வணிகர் நலச் சங்கத்தின் தலைவர். வாசலில் சங்கத்தின் பெயர்ப்பலகை பேக்கரியின் பெயர்ப்பலகையைவிடப் பெரிது. சாப்பிட உட்காரும்போதுகூட "அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று அண்ணிக்கே பயம். கடை ஊழியர்கள் அவருக்கு மைக்கு முதலாளி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நோய் வந்த புதிதில் அவர்தான் தங்கையைக் வாடிக்கையாளர் கண்ணில் படுகிற கண்ணாடித் தடுப்புப் பக்கமிருந்து பின்கட்டுக்குத் தள்ளினார். "கை நடுங்குறவ செஞ்ச கேக்க எவன் வாங்குவான்? கொஞ்சம் யோசிச்சுப் பாரு." மருந்து சாப்பிட்டு அவள் நெளிந்ததை ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தபோது, "அவளுக்குப் பாட்டுன்னா உயிர்" என்று சிரித்துச் சமாளித்தார். பின்கட்டில் ரேடியோகூடக் கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பின்கட்டுக்கே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, சங்கத்துல விழிப்புணர்வு விழா வெக்கறோம். ஒன்னோட நோய்க்குத்தான். நீதான் மேடையில கேக்கு அலங்காரம் பண்ணப் போற."

அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒளித்து வைத்தவரே வெளியே கூப்பிடுகிறார். "மாத்திரை போட்டா நல்லாவே வெப்பேண்ணா. எல்லாரும் பாக்கட்டும்."

"அங்கதான் சிக்கல்." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "மாத்திரை போட்டா நடுக்கமே தெரியறதில்ல. அப்புறம் ஜனங்க எதப் பாத்து விழிப்படைவாங்க? அன்னிக்கு ஒரு வேளை மட்டும் போடாம விட்டுரேன்."

"விட்டா பேசக்கூட முடியாதுண்ணா. கல்லு மாதிரி ஆயிருவேன்."

"நீ பேச வேணாம். பேசறதுக்கு நான் இருக்கேன்."

அது உண்மைதான். பேசுவதற்கு அவர் எப்போதும் இருந்தார்.

மாத்திரையை விட முடியாது, போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் மறுபேச்சுப் பேசாதபோதுதான் பயப்பட வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

விழா அன்று மண்டபத்தில் மேடையை அடைத்துக்கொண்டு ஒரு பேனர். அதில் அண்ணன் முகம் பூசணிக்காய் அளவுக்கு. நோயின் பெயர் கடுகு அளவுக்கு. மேடை ஏறும் முன் அண்ணன் கையை நீட்டினார். "மாத்திரை டப்பாவ அண்ணிகிட்டக் குடு. மேடையில டப்பாவும் கையுமா நின்னா நல்லாருக்காது. நேரமானா அவளே கொண்டுவந்து குடுப்பா."

அண்ணி கைப்பையைத் திறந்தாள். "ஆமா, நான் பாத்துக்கறேன்" என்றாள். கட்டியவர் எது சொன்னாலும் 'ஆமா' என்பதே அவள் வழக்கம். அப்படிச் சொன்னபோது நாத்தனார் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பா கைப்பைக்குள் போயிற்று, ஜிப் மூடியது.

சிறப்பு விருந்தினர் மருத்துவமனைகளுக்குக் கட்டில் விற்கிற பெரிய புள்ளி. பெரிய புள்ளி என்றால் தாமதமாக வருவார். அவர் வரும்வரை அண்ணன் பேசினார். முதலில் சங்கத்தின் வரலாறு, பிறகு தன் வரலாறு. இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. மாத்திரை நேரம் வந்தது, போயிற்று. கிரீம் அக்கா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் விரல் நடுங்கியது. பிறகு முழங்கை வரைக்கும். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தாள், கால் எழவில்லை. "அண்ணி" என்று கூப்பிட்டாள். குரல் உதட்டைத் தாண்டவில்லை. கழுத்து இறுகிற்று, முகம் மூடிக்கொண்டது. உள்ளே அவள் முழுசாக விழித்திருந்தாள், கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்தைக் காட்டக்கூட முகத்துக்கு மாத்திரை தேவைப்பட்டது.

விருந்தினர் வந்து சேர்ந்தார். அண்ணன் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, சந்தையில் மீனைக் காட்டுவதுபோல் சபைக்குக் காட்டினார். "பாருங்கள், இந்தக் கையைப் பாருங்கள்! பெருமக்களே, நெஞ்சு பதறவில்லையா?"

பெருமக்கள் கைதட்டினார்கள்.

அவள் வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்க அவளால் முடியவில்லை. எச்சிலைப் பார்த்ததும் அண்ணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கைக்குட்டையோடு மேடைக்கு ஓடினாள். அண்ணன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சீறினார்: "தொடச்சிராத! போட்டோ எடுக்கட்டும்."

அண்ணி நின்றாள். கைக்குட்டையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். நாத்தனாரின் கண்ணில் நீர் திரண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த 'ஆமா' இந்த முறை வரவில்லை.

"தள்ளுங்க" என்றாள்.

எச்சிலைத் துடைத்தாள். கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்தாள். மெல்லத் தண்ணீர் புகட்டி, அவசரப்படாமல் விழுங்கவைத்தாள். அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்பதுதான் சரி.

"இவங்க மாத்திரைய நான்தான் ஒளிச்சு வெச்சிருந்தேன். இவர் வெக்கச் சொன்னார், வெச்சேன். நடுக்கம் தெரியணுமாம் ஒங்களுக்கு. இப்ப குடுத்திருக்கேன். வேலை செய்யக் கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒக்காருங்க. இவ்வளவு நேரம் பேச்சு கேட்டீங்கல்ல?"

விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் எழுந்து போனால் அந்தப் படமும் பேப்பரில் வந்துவிடும் என்று உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் மட்டும். அண்ணன் வாழ்நாளில் அத்தனை நேரம் வாயை மூடியிருந்ததை அவர் மனைவியே பார்த்ததில்லை.

மெதுவாக விரல் அடங்கியது. தோள் இளகியது. ஷட்டர் ஏறுவதுபோல முகம் திறந்தது. கிரீம் அக்கா எழுந்து அண்ணி நீட்டிய மைக்கிடம் நடந்து வந்தாள். நின்ற கொஞ்ச நேரத்தில் இடுப்பு நெளிந்தது, தலை ஆடியது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்: "என்னய்யா இது? தண்ணி போட்ட மாதிரி ஆடுது!"

"கேட்டுதுங்க" என்றாள் அவள். குரல் சன்னமாக இருந்தது. மைக்கு அதைப் பெரிதாக்கியது. "தண்ணி போடல, மாத்திரை போட்டிருக்கேன். இந்த மருந்து நடுக்கத்த வாங்கிட்டு ஆட்டத்தக் குடுக்கும். எனக்கு இந்தப் பேரம் சம்மதம். என் கையால சோறு அள்ளித் திங்கறேன், நானே பொத்தான் போட்டுக்கறேன், ஒங்க வீட்டுக் கேக்குக்கெல்லாம் பூ வெக்கறேன். நடுங்கினப்போ கைதட்டினீங்க. ஆடினா குடிகாரிங்கறீங்க. நான் எப்படி இருந்தாதான் ஒங்களுக்குச் சரிப்படும்?"

யாரும் கைதட்டவில்லை.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "கொஞ்ச நேரம் முன்னாடி என்னால கத்த முடியலண்ணா. கத்த முடியாதுன்னு தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

அண்ணன் தன் மனைவியின் காதருகே போய்ப் பல்லைக் கடித்தார். "மானத்த வாங்கிட்ட. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

மைக்கு அருகில்தான் இருந்தது. மண்டபம் முழுக்க அதைக் கேட்டது.

"வீட்டுல எதுக்கு?" என்றாள் அண்ணி. "நோயாளியோட மாத்திரைய எடுத்து வெச்சுக்கறது அவங்க கையக் காலக் கட்டிப்போடறதுக்குச் சமம். அத நானும் செஞ்சேன், நீங்களும் செஞ்சீங்க. வேளைக்கு மருந்து சாப்பிட விடணும், சாப்பிட்டதுக்கு அப்புறம் ஒடம்பு ஆடினா அசிங்கமாப் பாக்கக் கூடாது. விழிப்புணர்வுன்னா இவ்வளவுதான், இதுக்கு விழா வேணாம். இல்லைன்னு சொல்றதா இருந்தா இங்கயே சொல்லுங்க. மைக்குதான் இருக்கே."