சம்பந்தி பிடித்த மயில் மீன்

முப்பது வருடமாகத் தூத்துக்குடிக்குப் பனியன் துணிச் சரக்கு அனுப்புகிறேன். கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் துறைமுக கேட்டைத்தான் கை காட்டுவேன். எங்கள் திருப்பூர்க்காரர்களுக்குக் கடல் என்பது கன்டெய்னர் போகிற ரோடு. கப்பல் தாமதமானால் கடலைத் திட்டுவோம், அதற்கு மேல் அதோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்ட நான் ஒரு நாள் நடுக்கடலில் மீன் பிடித்தேன் என்றால் என் நிட்டிங் யூனிட்டில் இருக்கிறவர்களே நம்புவதில்லை. திருத்திச் சொல்கிறேன், நான் பிடிக்கவில்லை. லிங்கசாமி பிடித்தார், நான் கத்தினேன்.

லிங்கசாமி அப்போது என் சம்பந்தி. இப்போது அவர் எனக்கு யார் என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை. கல்யாண மண்டபத்தில் எதிரெதிரே வந்தால் தலையை ஆட்டிக்கொள்வோம். இரண்டு வீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்கு மேல் நின்றால் பேச்சாகிவிடும். பேசி ஏழு வருடம் ஆகிறது.

என் மகள் தேஜஸ்ரீயை அவர் மகன் தரணீதரனுக்குக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், பெண்ணைக் கொடுத்து நான் சம்பாதித்தது மாப்பிள்ளையை அல்ல, சம்பந்தியைத்தான். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. தொழிலில் சிநேகிதம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாம் என் ஆர்டரை எப்போது தட்டிப் பறிக்கலாம் என்று பார்க்கிறவர்கள். லிங்கசாமிக்குக் கணியூரில் தென்னந்தோப்பு. மாதத்தில் இரண்டு முறை பஸ் ஏறித் திருப்பூர் வருவார். கார் இருந்தது, ஆனால் பஸ்ஸில் வந்தால்தான் நான் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வருவேன், வழியில் இரண்டு பேரும் டீ குடிக்கலாம். பிறகு என் யூனிட்டில் வந்து உட்கார்ந்து, மெஷினிலிருந்து துணி குழாயாக இறங்குவதை மத்தியானம் வரை பார்ப்பார். "தையலே இல்லாம எப்படீங்க இது வட்டமா வருது?" என்று சம்பந்தியாக இருந்த நாலு வருடமும் கேட்டார். நாலு வருடமும் நான் விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது, எனக்கு அந்தக் கேள்வி அலுத்ததே இல்லை.

பிள்ளைகள்தான் ஒத்துப்போகவில்லை. யார் மேலும் தப்பில்லை, இரண்டு பேருமே நல்லவர்கள், சேர்த்து வைத்தால் மட்டும் ஆகவில்லை. தேஜஸ்ரீ எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில் என்னிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவன் வருவதாக இருந்தான். அவனுக்கு மீன் பிடிக்கிற பைத்தியம் என்று தூத்துக்குடியில் ஒரு படகை ஏற்பாடு செய்திருந்தேன். கடைசி நேரத்தில் அவன் வரவில்லை. படகுக்காரர் அந்த நாளை ஒதுக்கி வைத்துவிட்டார். லிங்கசாமியிடம் சொன்னேன். "கடலுக்குள்ளயேவாங்க?" என்று கேட்டவர், மறுநாள் தொப்பியோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார்.

அவரை ஸ்டாண்டில் ஏற்றிக்கொள்ள நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது தேஜஸ்ரீ கார் வரை வந்தாள். "இனி முடியாதுங்கப்பா. திங்கக்கிழமை வக்கீல் நோட்டீஸ் போகுது. அது மாமா கைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லீருங்க, அதுதான் மரியாதை" என்றாள். சரி கண்ணு என்றேன். சொன்ன நிமிடத்தோடு அவர் என் சம்பந்தி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

காரில் சொல்லவில்லை. திருச்செந்தூர் ரோட்டு லாட்ஜில் சொல்லவில்லை. விடிந்ததும் முனீஸ் என்ற படகுக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு, கரை கண்ணுக்கு மறைகிற வரை ஓட்டினார். அங்கேயும் சொல்லவில்லை.

மீன் பிடிப்பது என்றால் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தேன். இது வேறு. படகு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் நுரையில், தூண்டில் முள்ளில் கோத்த ரப்பர் கணவாய்கள் துள்ளித் துள்ளி வரும். பெரிய மீன் அதை இரை என்று நினைத்துத் துரத்த வேண்டும். படகின் இரண்டு பக்கமும் தூண்டில் கம்புகளைச் செருகி வைத்திருந்தார்கள். நாங்கள் அவற்றை நூல் அறுந்த மெஷினைப் பார்க்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருந்தோம். லிங்கசாமிக்கு எல்லாம் அதிசயம். பறக்கிற மீனைப் பார்த்து "பாருங்க, பாருங்க" என்று என் தோளைத் தட்டினார். நான் மீனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன்.

பத்து மணி இருக்கும். வலப்பக்கக் கம்பு வளைந்து, அதில் தூண்டில் நரம்பு சுற்றிய ரீல் கத்த ஆரம்பித்தது.

"மயிலு அண்ணாச்சி, மயில் மீனு. கம்ப எடுங்க" என்றார் முனீஸ்.

"சம்பந்தி, எடுங்க" என்றேன் நான்.

"இல்லீங்க, நீங்க எடுங்க. உங்க ஏற்பாட்டுல வந்ததுங்க."

"அட நீங்க பெரியவங்க. மொதல்ல நீங்க."

"நாலு மாசந்தானுங்களே பெரியவன். நீங்க புடிங்க, நான் பின்னால புடிச்சுக்கறனுங்க."

பந்தியில் உட்கார்வதற்கும் காரில் முன் சீட்டுக்கும் நாங்கள் இப்படித்தான். எங்கள் ஊரில் இது சாதாரணம், ஐந்து நிமிடம் ஆனாலும் யாரும் அவசரப்பட மாட்டார்கள். மீனுக்கு அது தெரியாது. ரீலில் இருந்த நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

"யாராச்சும் ஒரு ஆளு எடுங்க அண்ணாச்சி" என்றார் முனீஸ். "பாதி நரம்பு போயிட்டு. மிச்சமும் போயிட்டா ரெண்டு பேரும் நாள் பூரா மரியாதை குடுத்துக்கிட்டே இருக்கலாம்."

லிங்கசாமியின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக் கம்பை அதில் ஊன்றியது முனீஸ்தான். மீன் இழுத்த இழுப்பில் அவர் இரண்டு அடி முன்னால் போனார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். இழுத்தால் விட வேண்டும், ஓய்ந்தால் சுற்ற வேண்டும், நரம்பு தொய்யவே கூடாது. இதை முனீஸ் சொன்னதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. வாழ்நாள் பூராவும் நான் பார்த்த வேலை அதுதானே. நூல் இறுகினால் அறும், தொய்ந்தால் சிக்கும். "மெதுவாங்க சம்பந்தி, இப்பச் சுத்துங்க, இப்ப உடுங்க" என்று அரை மணி நேரம் அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போது மீன் தண்ணீருக்கு மேலே வந்தது. ஆள் உயரம். முதுகில் நீலத் தோகையை முழுசாக விரித்துக்கொண்டு, வாலால் தண்ணீரில் நடந்தது. லிங்கசாமி கம்பைப் பிடித்தபடி, வாயைத் திறந்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். கை சுற்றவில்லை. நரம்பு தொய்ந்து காற்றில் ஆடியது.

"டே லிங்கா! என்றா வேடிக்கை பாக்கற? சுத்துடா!"

என் குரல்தான். சம்பந்தியை டா போட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் இதற்குக் கல்யாணம் நின்றிருக்கிறது. ஆனால் அவர் சுற்றினார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சொன்ன சொல்லுக்குச் சுற்றினார். "உடாதடா, அப்படித்தான், இன்னும் சுத்து" என்று நான் பாட்டுக்குக் கத்தினேன். முனீஸ் கொக்கியைப் போட்டு மீனை உள்ளே இழுத்துப் போட்டபோது மூன்று பேரும் அதன் பக்கத்திலேயே விழுந்து கிடந்தோம்.

மூச்சு வந்ததும்தான் எனக்கு உறைத்தது. "மன்னிச்சுக்கோங்க. வாய் தவறிப் போச்சுங்க" என்றேன்.

அவர் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "எங்கய்யன் போனதுக்கப்புறம் என்னைய யாரும் டா போட்டதில்லீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொருக்காச் சொல்லுங்க பாக்கலாம்."

எனக்கு வரவில்லை. கேட்டு வாங்கினால் எப்படி வரும்? அந்த மனுசனிடம் போய் எப்படிச் சொல்வது என்று மட்டும்தான் மனது அடித்துக்கொண்டது. படகு கரைப் பக்கம் திரும்பிவிட்டது. இனி இருப்பது ஒன்றரை மணி நேரம்.

முனீஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "ஐஸ் பெட்டி இருக்கு அண்ணாச்சி. ரெண்டு வீட்டுக்கும் பங்கு போட்டுத் தந்துரட்டா? ஊருக்குக் கொண்டுபோங்க."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டில் கிடா வெட்டினாலும், கோழி அடித்தாலும், முதல் பங்கு சம்பந்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதன் பிறகுதான் அடுப்பு பற்றும். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், லிங்கசாமி முந்திக்கொண்டார்.

"வேண்டாந் தம்பி. உங்க ஊட்லயும் அக்கம்பக்கத்துலயும் வெச்சுக்குங்க. எங்க ரெண்டு ஊட்டுக்கும் இனிப் பங்கு போகாதுங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதங்கெழமையே பையன் சொல்லீட்டானுங்க" என்றார். "நோட்டீஸ் வருதுன்னும் தெரியும். நேத்திருந்து நீங்க எச்சில் முழுங்கறதையும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். நானாச் சொல்லி உங்க பாரத்தை எறக்கியிருக்கோணும். சொல்லீருந்தா இந்தப் பயணம் இல்லாமப் போயிருக்குமுங்களே. அதுதான் கம்முனு வந்துட்டனுங்க."

நானும் அதற்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன், முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் தோலுரிந்த கையை என் முழங்காலில் வைத்தார். முனீஸ் பாவம், மீனைப் பார்ப்பதா எங்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் என்ஜின் பக்கம் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து, துறைமுகத்துக் கிரேன்கள் சின்னதாகத் தெரிய ஆரம்பித்தன. இறங்கினால் கார், காரிலிருந்து இறங்கினால் வீடு, விடிந்தால் திங்கள்கிழமை.

"முனீஸு, இன்னொரு சுத்துப் போலாமுங்களா?" என்று கேட்டேன்.

"போலாமே அண்ணாச்சி. தூண்டில் போடட்டுமா?"

"தூண்டிலெல்லாம் வேண்டாந் தம்பி" என்றார் லிங்கசாமி. "சும்மா ஓட்டுங்க."

முனீஸ் எங்கள் இரண்டு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, படகைக் கடல் பக்கமாகத் திருப்பினார்.