ஒரு பக்கத்துத் தகடு

யோயோ கீழே இறங்கி நூலின் நுனியில் நின்று சுழன்றது. சுழன்றபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, நூலில் உரசி, செத்துப்போய் நின்றது. மலர்க்கொடி கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறுபடியும்லா!" என்றாள் மகள் ஷாந்தினி. மலாக்கா டவுன் பேரங்காடியில் மாநில யோயோ போட்டி. மேடையில் ஆடுகிறவன் இறங்கியதும் அவள் ஏற வேண்டும். "பேரிங்கத் துடைச்சேன், நூல மாத்தினேன். முந்தாநேத்து ஊசியாட்டம் நின்னுச்சு. இப்ப குடிகாரன் மாதிரி சாயுது."

அவளோடு சேர்ந்து யோயோ பழகும் தனபாலன் வாங்கிச் சுழற்றிப் பார்த்தான். "இந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி. கீழ போட்டுட்டியா?"

"என் புள்ள மாதிரி வெச்சிருக்கேன்டா."

"அப்ப புள்ள எதையோ முழுங்கிருச்சு." அவன் மலர்க்கொடியிடம் திரும்பினான். "கனம் விளிம்புல இருக்கணும் ஆன்ட்டி. ரெண்டு பக்கமும் சுத்தி ஒரே மாதிரி இருந்தாதான் நேரா நிக்கும். ஒரு பக்கம் துளி கூடுனாலும் போச்சு. ஷாந்தி, என்னோடத எடுத்துக்கயேன்."

"உன்னோடது என் கைக்கு வராது. போட்டிலேருந்து பேர எடுத்துடச் சொல்றேன்." தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, வருடம் முழுக்க இதற்காகத்தான் பழகினாள்.

யோயோ ஏன் சாய்கிறது என்று மலர்க்கொடிக்குத் தெரியும். மூத்தவன் காந்தன் அலோர் காஜா ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்த அன்று, முனியாண்டி கோயிலில் மந்திரித்த செப்புத் தகட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். மகளும் அதே ரோட்டில் மோட்டர் சைக்கிள் ஓட்டுகிறாள். அண்ணனின் தகட்டைக் கட்டிக்கோ என்றால் சிரிக்கிறாள். எங்கே போனாலும் அவளோடு போவது இந்த யோயோ ஒன்றுதான். நேற்று அவள் குளிக்கப் போன நேரத்தில், மலர்க்கொடி அதன் ஒரு பக்கத்து மூடியை நெம்பித் தகட்டை உள்ளே ஒட்டிவிட்டாள்.

ஷாந்தினி நடுவர் மேசைப் பக்கம் நடந்தாள்.

"ஷாந்தி, நில்லு. அதுக்குள்ள அண்ணனோட தகடு இருக்கு."

தனபாலன் மெல்ல நழுவிவிட்டான்.

"எனக்கே தெரியாமயா?"

"நீதான் கட்டிக்க மாட்டேன்னியே."

"தகடு இருந்திருந்தா லாரிக்கு பிரேக் புடிச்சிருக்குமாம்மா?"

"தெரியாது. இல்லாதப்ப புடிக்கல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஷாந்தினி யோயோவின் மூடியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு யோயோவை நீட்டினாள். "நீ வெச்சது. நீயே எடு."

"அந்தப் பக்கமும் இதே கனத்துக்கு எதையாச்சும் ஒட்டிட்டா?"

"நேரமில்லம்மா. கூப்பிடுறாங்க."

மலர்க்கொடி சேலை ஊக்கைக் கழற்றி மூடியை நெம்பினாள். தகடு உள்ளங்கையில் விழுந்தது. விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

மேடையில் யோயோ ஆணி அடித்தாற்போல் நின்று சுழன்றது. சுற்றிலும் விசில். மலர்க்கொடி மட்டும் கைதட்டவில்லை. விரல்களைத் திறக்க அவளுக்கு மனமில்லை. ஷாந்தினி இரண்டாவதாக வந்தாள்.

வெளியே அப்போதுதான் மழை விட்டிருந்தது. வீடு இருக்கும் சிம்பாங் அம்பாட் வரைக்கும் அதே அலோர் காஜா ரோடு, ஈரமாக. மலர்க்கொடி வண்டியின் பின்னால் ஏறி, ஒரு கையால் மகளின் இடுப்பைப் பிடித்தாள். மற்றக் கை மூடியே இருந்தது.

"ரெண்டு கையாலயும் புடிம்மா. இப்படித் தொங்குனா வண்டி ஒரு பக்கமா இழுக்குது. அதப் பையில போடேன்."

பையில் போட்டால் அது பையைத்தானே காக்கும்? சாமி தகடு, எச்சில் படக்கூடாதுதான். மலர்க்கொடி ஒரு கணம் தயங்கினாள். பிறகு தகட்டைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் மகளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"போவலாமா?"

செம்பு நாக்கில் கசந்தது.

"ம்மா, போவலாமா?"

வாயைத் திறக்காமல் மகளின் முதுகில் தலையால் முட்டினாள்.