எண்ணெய்க் கிண்ணம்

கிழக்கு வெளுக்கும்போதே கெங்கம்மாவின் கைகள் மண்ணெண்ணெயில் முங்கிவிடும். ராயபுரத்துக் கரிக்கிடங்கை ஒட்டிய ஷெட்டில் ஏழு டீசல் லாரிகள் நின்றன. எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயின் வாயில், தூசி உள்ளே போகாமலிருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு சாக்குத் துணி கட்டியிருக்கும். முந்தின நாள் துணியை அவிழ்த்துக் கசக்கி, பிழிந்து, உதறிக் காயப்போட்டு, ஏற்கெனவே காய்ந்ததைக் கட்டக் கொடுப்பது அவள் வேலை. விரலிடுக்கெல்லாம் புண். உதறும்போது பறக்கும் கரித்தூள் நேரே தொண்டைக்குள் இறங்கும். அவள் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஷெட்டில் எல்லோரும் இருமினார்கள்.

முப்பத்தேழாம் வருஷத்துக் கோடையில் வண்டிகளும் இருமத் தொடங்கின. நீலப்புகை கக்கின, பாரம் ஏற்றினால் மேட்டில் திணறின. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பழகி வந்த ஃபிட்டர் துரை ஓர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தான். கரித்தூள் உப்புத்தாள் போலத் தேய்த்துத் தேய்த்து சிலிண்டர் சுவரெல்லாம் கீறலாகியிருந்தது. சாக்கை இழுத்துக் கட்டினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது, தளர்த்திக் கட்டினால் தூசி புகுகிறது, சாக்கை நம்பி ஓட்டினால் ஏழு வண்டியும் வருஷத்துக்குள் படுத்துவிடும் என்று முதலாளி சண்முகவேலிடம் போய்ச் சொன்னான். மவுண்ட் ரோட்டுக் கம்பெனி ஒன்று பத்து நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஒரு புது ஏர் கிளீனரைக் கொடுத்தது. அடியில் எண்ணெய் நிறைந்த இரும்புக் கிண்ணம். உள்ளே வரும் காற்று எண்ணெயை உரசிக்கொண்டு திரும்பி மேலே போகும். தூசி எண்ணெயில் படிந்துவிடும்.

துரை அதை ஒரு வண்டியில் மாட்டினான். இன்னொன்றில் எண்ணெயில் தோய்த்த கம்பிவலைச் சுருளை வைத்தான். மூன்றாவதில் பழைய சாக்கையே விட்டான். மூன்றிலும் வடிகட்டிக்கு அப்பால், குழாய்க்குள், வெள்ளை மல் துணியை விரித்துக் கட்டினான். மூன்று நாள் கழித்து அவற்றைக் கழற்றியது கெங்கம்மா. சாக்கு வண்டியின் துணி தோசைக்கல் துடைத்தது போல இருந்தது. கம்பிவலையின் துணி சாம்பல் பூத்திருந்தது. ஊர்ச் சாலைக்கு அது போதும், வலையில் எண்ணெய் காய்ந்தால் நைசான கரித்தூள் நழுவிவிடும் என்றான் துரை. கிண்ணம் மாட்டிய வண்டியின் துணி அப்படியே வெள்ளையாக இருந்தது. அவள் கிண்ணத்தின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு கைப்பிடி கரிச்சேறு. அத்தனையும் எஞ்சின் விழுங்கியிருக்க வேண்டியது.

இருவரும் துணிகளைக் கொண்டுபோய் முதலாளியின் மேஜைமேல் விரித்தார்கள். சண்முகவேல் அவற்றை விரல் நுனியால் தள்ளினார்.

"வண்டி தூசியக் குடிச்சாச் செத்துப் போயிருமோ? நீங்களும் அதே தூசியத்தான குடிக்கிய. செத்தா போயிட்டிய?"

கிண்ணம் மவுண்ட் ரோட்டுக்கே திரும்பிப் போனது. அவ்வளவு அக்கறையிருந்தால் சாக்கை இரண்டாக மடித்துக் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. மறுநாள் காலை துரைதான் ஏழு வண்டிக்கும் இரட்டைச் சாக்கு கட்டினான்.

ஒன்பதாம் நாள், கிருஷ்ணப்பன் ஓட்டிய வண்டி யானைக்கவுனிப் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் வெறிகொண்டு உறிஞ்சியதில், நைந்துபோன துணி கிழிந்து உள்ளே போய் அடைத்துக்கொண்டது. எஞ்சின் நின்றது. அத்தனை பாரத்தைப் பிரேக் தாங்கவில்லை. வண்டி பின்னால் உருண்டது. சக்கரத்துக்குக் கட்டை போட ஓடிய லோடுமேன் ராசையாவின் வலது காலில் சக்கரம் ஏறியது. ராசையா கெங்கம்மாவின் உடன்பிறந்த தம்பி.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் அவள் ஷெட்டுக்கு வந்தபோது முதலாளி எல்லோரையும் வாசலில் நிறுத்தியிருந்தார். கையில் ஒரு காகிதம். இன்றோடு கெங்கம்மாவுக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டுத் துரையைப் பார்த்தார்.

"இதுல ஒரு கையெழுத்தப் போடு. எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சி, துணிய இந்தப் பொம்பள கசக்கிக் கிழிச்சிப்புட்டா, அம்புட்டுதான். உனக்கும் கிருஷ்ணப்பனுக்கும் போலீஸ் வம்பு வராது."

கிருஷ்ணப்பன் தரையைப் பார்த்தான். துரை பேனாவை வாங்கினான். அந்த நிமிஷம் கெங்கம்மாவுக்கு முதலாளியைவிட அவன்மேல்தான் வெறுப்புப் பொங்கியது.

"கசக்கினது நான்தான்," என்றாள். "ரெண்டா மடிச்சிக் கட்டச் சொன்னது யாரு? அத்தயும் அந்தக் காய்தத்துல எழுது நைனா. எழுதிட்டு என் தம்பி மூஞ்சில போய் முழி."

துரை பேனாவை முதலாளியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். கையெழுத்துப் போடாமல் ஓடிவிட்டான் என்றுதான் நினைத்தார்கள். பாலத்திலிருந்து இழுத்து வந்த வண்டியின் காற்றுக்குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லோர் முன்னாலும் இடுக்கியை நுழைத்து, உள்ளே சிக்கியிருந்த சாக்குக் கந்தலை இழுத்துப் போட்டான்.

"ஒரு சாக்குக்கே மூச்சு வுட முடியாத எஞ்சின். அதுக்கு ரெண்டு கட்டின கை என்னுது. இப்டி ஆவும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே கட்னேன், வேல பூடும்னு. யக்கா மேல தப்பில்ல."

அவனும் வெளியே போகலாம் என்றார் சண்முகவேல். ஊரில் ஃபிட்டருக்கும் டிரைவருக்கும் பஞ்சமில்லை, நாளைக் காலை கரி தானாக நகரும் என்றார்.

கிருஷ்ணப்பன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். தன் வண்டிக்குப் போய், எஞ்சினை முடுக்கும் இரும்புக் கைப்பிடியை உருவி வந்து, முதலாளியின் காலடியில் போட்டான். மற்ற ஆறு டிரைவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். இரும்பு இரும்பின்மேல் விழுகிற சத்தம் ஆறு தடவை கேட்டது. ஏழு வண்டிக்கும் கிண்ணம் மாட்ட வேண்டும், ராசையாவின் குடும்பத்துக்கு வழி சொல்ல வேண்டும், கெங்கம்மாவும் துரையும் வேலையில் இருக்க வேண்டும். அதுவரை கைப்பிடியைத் தொடுவதில்லை என்று கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள்.

மறுநாள் விடியலில் துறைமுகத்தில் கரிக்கப்பல் ஊதிக்கொண்டேயிருந்தது. கிடங்கில் கூடை சுமக்கும் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். நான்கு போலீஸ்காரர்கள் தடியோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பெரம்பூரிலிருந்து சண்முகவேல் வரவழைத்த வாடகை லாரி உறுமிக்கொண்டு வந்தது.

கெங்கம்மா எழுந்து, கேட்டுக்கு நேரே, சக்கரம் வருகிற தடத்தில் போய் உட்கார்ந்தாள். போலீஸ்காரன் தடியை ஓங்கினான். அவள் அசையவில்லை. கூடைக்காரி ஒருத்தி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. தடம் நிறைந்தது.

லாரி நான்கடி தூரத்தில் நின்றது. டிரைவர் பாஸ்கல் தலையை நீட்டி இன்னா விஷயம் என்று கேட்டான். கெங்கம்மா சொன்னாள்: சாக்கு, பாலம், தம்பியின் கால். பாஸ்கல் தன் வண்டியின் எஞ்சின் பக்கம் பார்த்தான்.

"என் வண்டியிலயும் சாக்குதான் கீது," என்றான்.

கேட்டுக்குள்ளிருந்து சண்முகவேல், ஓட்டுலே, ஓட்டு என்று கத்தினார். எஞ்சின் நின்றது. பாஸ்கல் கீழே இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உட்கார இடம் தேடினான். கெங்கம்மா சற்று நகர்ந்து இடம் விட்டாள்.