அவன் அழிக்க மறந்த குக்கீ

பகல் பதினொரு மணிக்குக் கடையில் உட்கார்ந்து வெற்றிச்செல்வி ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் நடத்துவது ஆன்லைன் கடை. சாதிச் சான்றிதழ், பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று பாதி ஊர் அங்கேதான் வந்து நிற்கும். கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் அன்றைக்கு வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பைத் தூக்கி வந்திருந்தாள். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறதே என்று செய்தித்தளம் ஒன்றைத் திறந்தால், ஓரத்தில் ஒரு டாக்டர் சிரிக்கிறார். 'ஆண்களுக்கான கருவளச் சிகிச்சை, திருச்சி.' வேறு தளத்துக்குப் போனாள். அங்கேயும் அதே டாக்டர், அதே சிரிப்பு.

அந்தப் பேச்சே அவளுக்கு ஆகாது. ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரம் செய்யும் தமிழ்மாறனுக்கு வாழ்க்கைப்பட்டு, மூன்றே வருஷத்தில் மலடி என்ற பட்டத்தோடு திரும்பி வந்தவள் அவள். பட்டம் கொடுத்தது மாமியார் செல்வம்மாள். கொடுத்த இடம் தெருக்குழாயடி. அப்புறம் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி, சீர் சாமான்களை லிஸ்ட் போட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். கட்டில், பீரோ, கிரைண்டர், லேப்டாப். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். லேப்டாப்பை நீட்டும்போது தமிழ்மாறன், "எல்லாத்தயும் அழிச்சிட்டுதான் தரேன்" என்றான், பெரிய யோக்கியன் மாதிரி.

எட்டு மாதமாக அவள் அதைத் தொடவே இல்லை. தொடாத லேப்டாப்பில், அவள் தேடவே தேடாத டாக்டர் எப்படி வந்தார்? வேறொருத்தி என்றால் விளம்பரத்தை மூடிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இவளுக்கு இது தினப்படித் தொழில். கடையில் பேங்க் கணக்கைத் திறந்து பார்க்கும் ஒவ்வொருவரிடமும் தொண்டை வற்ற ஒன்றைச் சொல்வாள். "ஹிஸ்டரிய மட்டும் அழிச்சா போதாதுங்க, குக்கீயையும் அழிக்கணும்." நாம் ஒரு தளத்துக்குள் போனால் அது நம் மிஷினில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவிடும். அடுத்த முறை அந்தச் சீட்டைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். கோயில் வாசலில் செருப்பு விட்டால் தரும் டோக்கன் மாதிரிதான். போதாததற்கு விளம்பரக்காரர்களும் ஆளுக்கொரு சீட்டு ஒட்டிவிட்டு, போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருவார்கள். 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்ற பொத்தானை யோசிக்காமல் அமுக்குகிற ஜென்மங்கள் இருக்கிறவரை அவர்களுக்கு யோகம்தான்.

செட்டிங்ஸுக்குள் போய், எந்தெந்தத் தளம் சீட்டு ஒட்டியிருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தாள். திருச்சி மையத்தின் பெயர் இருந்தது. தளத்தைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. 'வணக்கம், தமிழ்மாறன்' என்றது. 'என்னை நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் மகராசன். கீழே அவனுடைய விந்தணுப் பரிசோதனை அறிக்கை. தேதி ஜனவரி பதினெட்டு. அவள் பொங்கலுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்த சமயம். எண்ணிக்கை என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: இல்லை.

அவளை அவன் அனுப்பியது மார்ச்சில்.

தேதியை இன்னொரு தடவை பார்த்தாள். தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பெரியவர்கள் முன்னால் தலையைக் குனிந்து, பாவம் போல உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டியது. குறை அவனுக்கு இருந்தது அவளுக்குப் பெரிதில்லை. சொல்லியிருந்தால் கூடவே இருந்திருப்பாள். அதை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டுத் தப்பித்தானே, அதற்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்காமல் விடுவதில்லை என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தாள்.

அறிக்கையைப் பிரிண்ட் போட்டு ஆண்டிமடம் முழுக்க ஒட்டலாம். ஆனால் செல்வம்மாள் என்ன சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரியும்: கம்ப்யூட்டர்க்காரிதானே, அவளே தயார் பண்ணிட்டா. ஊரும் தலையாட்டும். உண்மை அவள் கையிலிருந்து போகக்கூடாது. அவன் பையிலிருந்தே வரவேண்டும். எப்படி என்று யோசித்தபடி அந்தத் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த குக்கீ அறிவிப்பை ஒரு வரி விடாமல் படித்தாள். உலகத்தில் யாரும் படிக்காத பக்கம் அது. நடுவில் எழுதியிருந்தது: குக்கீகளை நீக்கினால் உங்கள் கருவியை எங்களால் அடையாளம் காண முடியாது, மீண்டும் நுழைய, பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி அனுப்பப்படும். அதை இரண்டு தடவை படித்தாள். எதையும் அழிக்கவில்லை. லேப்டாப்பை மூடி வைத்தாள்.

சந்தர்ப்பம் அவனே கொண்டுவந்தான். ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் சத்யா என்று ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அழகேசன், ரிட்டையரான பஸ் கண்டக்டர். மூத்த தாரத்திடம், உறவு முடிந்தது என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கி என் கண்ணில் காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டார். அந்தப் பத்திரம் கோர்ட்டில் செல்லாது. ஊரில் செல்லும். சத்யாவைக் காப்பாற்றத்தான் வெற்றிச்செல்வி இதைச் செய்தாள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அந்தப் பெண்ணை அவள் நினைக்கக்கூட இல்லை.

புதன்கிழமை தமிழ்மாறன், செல்வம்மாள், அழகேசன் மூவரும் கடைக்கே வந்தார்கள். வாசலில் விண்ணப்பம் போட ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். தமிழ்மாறன் யாரையும் பார்க்காமல் வெற்று முத்திரைத் தாளை மேஜைமேல் வைத்தான்.

"வாசகம் போன்ல இருக்கு. இங்கயே பிரிண்ட் போட்டுக்கலாம்" என்றான்.

அவளைத் தள்ளிவைக்கும் பத்திரத்தை அவள் மிஷினிலேயே அடித்துக்கொள்ள வந்திருக்கிறான். என்ன நெஞ்சழுத்தம்.

"போடலாம். யாராவது ஒருதரம் படிச்சிடுங்க. நான் கேட்டுக்கறேன்" என்றாள்.

"நான் படிக்கிறேம்மா. சாட்சி கையெழுத்து நான்தானே போடப்போறேன்" என்று அழகேசன் போனை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முப்பது வருஷம் ஸ்டாப் பேர் கூவிய குரல். வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்கத் தயாரானாள்.

வெற்றிச்செல்வி லேப்டாப்பைத் திறந்தாள். பட்டியலில் திருச்சி மையத்தின் பெயருக்கு நேரே இருந்த நீக்கு பொத்தானை அமுக்கினாள். தளம் தமிழ்மாறனை மறந்தது. யார் நீங்கள் என்று கேட்டது. மூன்று வருஷம் மனப்பாடமாக இருந்த அவன் நம்பரை அடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

அழகேசன் நிறுத்தி நிதானமாகப் படித்தார். "மேற்படி மனைவிக்குக் குழந்தைப் பேறு இல்லாத காரணத்தினால்..."

'ஓடிபி அனுப்பு' என்ற பொத்தானில் அவள் விரல் இறங்கியது.

"...இருவரும் மனமொத்து... திரு தமிழ்மாறன், ஆண்கள் கருவள மையம், திருச்சி. தங்கள் விந்தணுப் பரிசோதனை அறிக்கையைக் காண ஓடிபி நாலு, ஏழு..."

திரையின் மேலே வந்து விழுந்த செய்தியையும் சேர்த்து ஒரே குரலில் படித்தவர் அங்கே நின்றார். கண்ணாடிக்கு மேலாகத் தமிழ்மாறனைப் பார்த்தார்.

"இது பத்திரத்துல இல்லியே. என்ன பரிசோதனை மாப்ள?"

தமிழ்மாறன் போனைப் பிடுங்க வந்தான். அழகேசன் கொடுக்கவில்லை. "ராங் நம்பர் மாமா" என்றான். "ராங் நம்பருக்கு ஒம் பேரு எப்படித் தெரியும்?" என்றார் அவர். முகம் சாம்பலாகி, "பழைய ரிப்போர்ட்டு மாமா, இப்ப மாத்திர சாப்பிடறேன்" என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது.

அழகேசன் போனை முத்திரைத் தாள்மேல் வைத்தார். வெற்றிச்செல்வியைப் பார்த்து, "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

செல்வம்மாள் மகனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, இதுவரை யாரிடமும் காட்டாத ஒரு குழைவோடு பேசினாள்.

"கொற இவங்கிட்டன்னா இப்ப என்ன கண்ணு. புருசன்தானே. நீ நம்ம வூட்டுக்கே வந்துடேன். ஊருக்குத் தெரியவா போவுது."

எட்டு மாதத்தில் வராத சிரிப்பு வெற்றிச்செல்விக்கு அப்போது வந்தது. இவள் குறையாக இருந்தபோது குழாயடிக்குப் போன விஷயம், அவன் குறையானதும் வீட்டுக்குள் இருக்கவேண்டிய விஷயமாகிவிட்டது.

தமிழ்மாறன் போனைப் பையில் போட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "பத்திரம் இனிமே தேவயில்ல. வாம்மா போவலாம்."

"உங்களுக்குத் தேவயில்ல. எனக்குத் தேவ" என்றாள். "இல்லன்னா நாளைக்கு நானே பஸ் ஏறி ஆண்டிமடம் வரேன், அந்த நாலு பெரியவங்களயும் திரும்ப உக்கார வெக்க. வாசகத்த எனக்கு அனுப்புங்க. தாள இப்படி வைங்க."

அவன் வைத்தான். அவன் அனுப்பிய வாசகத்தைத் திறந்து, மனைவிக்குக் குழந்தைப் பேறு இல்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள். விரல்களைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு, எந்தக் கஸ்டமரிடமும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"காரணம் என்னன்னு போடணும்? நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

அவன் உதடு அசைந்தது.

"சத்தம் பத்தல."

மறுபடி சொன்னான். வாசலில் சான்றிதழுக்கு நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் அடித்து முடித்து, முத்திரைத் தாளைப் பிரிண்டரில் சொருகினாள்.